வீட்டுக் கணினியின் தீயரண்: தேர்வும் அமைப்பும்

ஃபயர்வால் என்று கடைகளில் அழைக்கப்படும் தீயரண், கணினிக்குள் வர முயலும் இணைப்புகளையும் கணினியிலிருந்து வெளியே செல்ல முயலும் இணைப்புகளையும் முன்னரே வகுக்கப்பட்ட விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ஏற்பாடாகும். இணையத்திலோ வீட்டு வலையிலோ செல்லும் எந்தச் செய்தியும் பாக்கெட் எனப்படும் சிறு துணுக்குகளாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் அது புறப்பட்ட கணினியின் முகவரி, சேர வேண்டிய கணினியின் முகவரி, அக்கணினியில் எந்தச் சேவையை அடைய வேண்டும் என்பதைக் குறிக்கும் போர்ட் எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். 0 முதல் 65535 வரையுள்ள இந்தப் போர்ட் எண்களில் 443 பாதுகாப்பான இணையதளங்களுக்கும், 445 விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கும், 3389 ஒரு கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கும் உரியவை. இன்றைய தீயரண்கள் முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்ப்பதோடு, உள்ளிருந்து எந்தத் தளம் கேட்கப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு வரும் பதிலை உள்ளே விட்டுவிட்டு, யாரும் கேட்காமல் தானாக வந்து நிற்கும் பாக்கெட்டைக் கைவிடுகின்றன. இந்த ஒரு செயலே வீட்டுக் கணினிக்குத் தீயரண் தரும் காப்பில் பெரும்பங்கு ஆகும்.

விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ கணினி வாங்கச் செல்பவர் எந்தத் தீயரணை வாங்குவது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு ஆண்டிவைரஸ் பெட்டியே கையில் கொடுக்கப்படும். எந்தப் பெயருள்ள மென்பொருளைத் தேர்வது என்னும் கேள்வி உண்மையில் சிறியது. கணினியோடு வந்த தீயரணே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. எந்த வலையை நம்புவது, எந்த நிரலுக்கு வாசல் திறப்பது, திறந்ததை எப்போது மூடுவது ஆகிய மூன்றிலும் பயனர் எடுக்கும் முடிவுகளில்தான் அதன் பயன் அடங்கியிருக்கிறது. ஆகவே இவ்வியல் தேர்வைச் சுருக்கமாகவும் அமைப்பை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறது.

வரலாறு சொல்லும் இடம்

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஒரு தீயரண் இருந்தது. ஆனால் அது அணைத்து வைக்கப்பட்ட நிலையில் வந்தது. அதைத் தேடி இயக்கியவர்கள் மிகச் சிலரே. 2003 ஆகஸ்டில் 135ஆம் போர்ட் வழியாகப் புகுந்த பிளாஸ்டர் என்னும் புழு, பயனர் எதையும் திறக்காமலேயே, இணைப்பில் இருந்த ஒரே காரணத்தால் கணினிகளைப் பிடித்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தும் பலர் அதை நிறுவியிருக்கவில்லை. இதன் பிறகு 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தீயரணை இயல்பாகவே இயங்கும் நிலையில் வைத்தது. அதன்பின் வந்த வீட்டு விண்டோஸ் பதிப்புகளில் தீயரண் இயங்கும் நிலையிலேயே வருகிறது. இன்று விண்டோஸ் உள்ள ஒரு வீட்டுக் கணினியில் தீயரண் அணைந்திருந்தால், அதை யாரோ அணைத்திருக்கிறார்கள் என்றே பொருள்.

வானாக்ரை என்னும் பணப்பறிப்பு நிரல் 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவியபோது அது 445ஆம் போர்ட்டைப் பயன்படுத்தியது. கேரளத்தில் வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அதில் சிக்கின. ஒரு கணினியில் புகுந்தபின் அதே வலையிலுள்ள மற்ற கணினிகளை அது தானே தேடிச் சென்றது. வெளிவாசலில் நிற்கும் ரவுட்டர், இரண்டு உள் கணினிகளுக்கு இடையே செல்லும் பாக்கெட்டைப் பெரும்பாலும் சோதிப்பதில்லை; ஆகவே உள்ளுக்குள் பரவுவதைத் தடுக்கும் பொறுப்பு ஒவ்வொரு கணினியிலும் உள்ள தனித் தீயரணுக்கே உரியது. ரவுட்டர் இருக்கிறதே, கணினியில் தீயரண் எதற்கு என்று கேட்பவருக்கு இதுவே விடை.

ரவுட்டர் செய்வதும் செய்யாததும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வீட்டு இணைப்பு பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். ஃபைபர், தனியார் நிறுவன ஃபைபர், உள்ளூர் கேபிள் இணைப்பாளர் வழியாக வரும் இணைப்பு, கைப்பேசி ஹாட்ஸ்பாட் ஆகிய நான்கில் ஒன்றாக அமைகிறது. முதல் மூன்றிலும் பெரும்பாலும் வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் சிறு பெட்டியான ரவுட்டர், நாட் எனப்படும் முகவரி மாற்றத்தைச் செய்கிறது. அதாவது வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி அனைத்தும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைப் பெற்று, வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தோன்றுகின்றன. வெளியிலிருந்து அழையாமல் வருபவை எந்தக் கருவிக்கு உரியவை என்று பெட்டிக்குத் தெரியாததால் அவை கைவிடப்படுகின்றன. பல நிறுவனங்கள் இதற்கும் மேலே தங்கள் நிலையத்தில் மீண்டும் ஒரு முறை முகவரி மாற்றத்தைச் செய்கின்றன. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் ஒன்றாகத் தொடங்கினால், அந்த வீடு இத்தகைய இரட்டை மாற்றத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இந்தக் காப்பு உண்மையானதுதான் என்றாலும் அதற்கு மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது, ஐபி ஆறாம் பதிப்பு. ஜியோ உள்ளிட்ட நிறுவனங்கள் இப்பதிப்பின்படி ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரியை வழங்குகின்றன. இங்கே முகவரி மாற்றம் இல்லாததால் அதன் நிழலும் இல்லை. ரவுட்டரின் ஐபி ஆறு தீயரணும் கணினியின் தீயரணும் மட்டுமே தடுப்பாக நிற்கின்றன. இரண்டாவது, யூ.பி.என்.பி. எனப்படும் தானியங்கி வசதி. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் ரவுட்டரிடம் கேட்டு, தனக்கென ஒரு போர்ட்டை வெளியே திறந்துகொள்ள இது இடமளிக்கிறது. கண்காணிப்புக் கேமராவின் பதிவுப்பெட்டியைக் கைப்பேசியில் பார்ப்பதற்காக நிறுவுநர் இதை இயக்கிவிட்டுச் சென்றிருக்கலாம்; ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதை அணைத்துவிட்டு, கேமரா வேறு வழியில் இயங்குகிறதா என்று பார்ப்பதே நல்லது.

மூன்றாவது ஓட்டை கடவுச்சொல். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் பல்லாயிரம் மோடங்கள் ஒரு தீநிரலால் செயலிழந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்த இயல்புக் கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்த பெட்டிகளே அதற்கு இரையாயின. கடவுச்சொல்லை மாற்றுமாறு நிறுவனமும் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தத் தாக்குதல் எந்த வீட்டுக் கணினியையும் தொடாமல் பெட்டியை மட்டுமே தாக்கியது; அங்கே கணினியிலுள்ள தீயரண் எதையும் செய்திருக்க முடியாது. ஆகவே தீயரண் அமைப்பின் முதல் வேலை கணினியில் தொடங்குவதில்லை: பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டுள்ள நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், வைஃபை கடவுச்சொல்லையும் அதிலிருந்து வேறாக வைக்க வேண்டும். இணைப்பு கொடுக்க வந்தவர் வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் பரவலாக இருப்பதால், இது வெறும் சடங்கான அறிவுரை அன்று.

சிறு கேபிள் இணைப்பாளர்கள் ரவுட்டர் இல்லாமல் நேரடியாக ஒரு கம்பியைக் கணினியில் செருகிவிடும் வீடுகளில் நிலைமை வேறு. அதே தெருவின் பிற வாடிக்கையாளர்களும் அதே சுவிட்சில் இணைக்கப்பட்டிருக்கக்கூடும். அப்போது விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் முன்பின் அறியாத கணினிப் பெயர்கள் தென்படும். அப்படித் தென்பட்டால், அந்த இணைப்பைப் பேருந்து நிலையத்து இலவச வைஃபைக்கு ஒப்பானதாகவே நடத்த வேண்டும். ஒரு ரவுட்டரை வாங்கி இடையில் வைப்பது எந்தத் தீயரண் மென்பொருளையும் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

எதைத் தேர்வது

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உள்ளமைந்த தீயரண், உள்ளே வருவதை இயல்பாகத் தடுத்து, வெளியே செல்வதை இயல்பாக அனுமதிக்கிறது. உள்வரவுத் தடுப்பில் விலைகொடுத்து வாங்கும் தீயரண்களுக்கு இது குறைந்ததன்று. 1991இல் சென்னையில் தொடங்கப்பட்ட கே7, புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களின் முழுப் பாதுகாப்புத் தொகுப்புகளில் தனித் தீயரணும் அடங்கியிருக்கிறது. தீநிரல் தடுப்புக்காக அவற்றை வாங்கியவர் அதிலுள்ள தீயரணையும் பயன்படுத்தலாம். தீயரணுக்காக மட்டும் வாங்கத் தேவையில்லை. இத்தகைய தொகுப்பு நிறுவப்பட்டதும் விண்டோஸ் தன் தீயரணின் பொறுப்பை அதனிடம் விட்டு ஒதுங்கலாம். ஓராண்டுச் சந்தா முடிந்து புதுப்பிக்காமல் விட்ட பின்பு எது காவலில் நிற்கிறது என்பதைப் பயனர் தாமே திறந்து பார்த்தாக வேண்டும். ஒரே கணினியில் இரண்டு தனித் தீயரண்களை ஒருங்கே இயக்குவது காப்பை இரட்டிப்பாக்குவதில்லை. ஒன்று திறந்ததை மற்றொன்று மூட, எது எங்கே தடைபட்டது என்று கண்டறிய முடியாத குழப்பமே மிஞ்சும்.

ஸோன்அலார்ம், கொமோடோ போன்ற இலவசத் தீயரண்கள் எக்ஸ்பி காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தன. வெளியே செல்லும் ஒவ்வொரு நிரலையும் நிறுத்தி, அனுமதிக்கலாமா என்று பயனரைக் கேட்பதே அவற்றின் தனிச்சிறப்பு. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த முறை நடைமுறையில் தன்னைத்தானே தோற்கடிக்கிறது: ஒரு மணி நேரத்தில் இருபது முறை கேட்கப்படும் மனிதர் இருபத்தோராவது முறை படிக்காமலேயே அனுமதியை அழுத்துகிறார், அந்த இருபத்தோராவதுதான் தடுக்கப்பட வேண்டியதாகவும் இருந்துவிடலாம். எந்த நிரல் எங்கே பேசுகிறது என்று அறிந்துகொள்ளும் ஆர்வமும் பொறுமையும் உள்ளவர்கள், எளிய முகப்பை வழங்கும் டைனிவால் போன்ற சிறு கருவிகளை நாடலாம். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

இவ்வட்டார வீடுகளில் இன்னும் கிடக்கும் அரசு மடிக்கணினிகளுக்குத் தனிக் குறிப்பு தேவை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கருவிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. பெரும்பாலோர் பாஸை ஒருமுறைகூடத் திறக்காமல் விண்டோஸையே பயன்படுத்தினர். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் தீயரண் உள்வரவுகளைத் தொடர்ந்து தடுக்கும். ஆனால் பயனர் தாமே திறக்கும் இணையப் பக்கத்தின் வழியாகப் பழைய ஓட்டையைப் பயன்படுத்தி நுழைவதை அது தடுக்காது. அத்தகைய கருவிகளில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றின் இன்றைய பதிப்புகளுள் அக்கருவியின் நினைவகத்துக்கு ஏற்ற இலகுவான ஒன்றை நிறுவுவது, எந்தப் புதிய தீயரணையும் ஏற்றுவதைவிட அறிவுடைய செயலாகும்.

லினக்ஸிலும் தீயரண் உண்டு. உபுண்டுவிலும் மின்ட்டிலும் யூ.எஃப்.டபிள்யூ. என்ற எளிய தீயரண் சேர்ந்தே வருகிறது; ஆனால் அணைந்த நிலையில் வருகிறது. வெளியிலிருந்து எட்டக்கூடிய சேவைகள் இயல்பாக மிகக் குறைவு என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். 2024 செப்டம்பரில், அச்சுப்பொறிகளைத் தேடும் கப்ஸ் சேவையில் 631ஆம் போர்ட் வழியாகப் புக இடமளிக்கும் ஓட்டை வெளியானபோது, அந்தக் காரணம் எப்போதும் பொருந்துவதில்லை என்பது தெளிவாயிற்று. மின்ட்டின் பட்டியலில் ஃபயர்வால் என்று தேடினால் வரும் சாளரத்தில் ஒரே ஒரு விசையை இயக்கினால், உள்வரவு மறுக்கப்பட்டு வெளிச்செலவு அனுமதிக்கப்படும். பெரும்பாலான வீடுகளுக்கு லினக்ஸில் செய்ய வேண்டியது அவ்வளவே.

பொது வலையா, தனி வலையா

விண்டோஸ் தீயரணில் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று விதித்தொகுப்புகள் உள்ளன. டொமைன் பெரிய அலுவலகங்களுக்கு உரியது. வீட்டில் அதற்கு வேலையில்லை. பிரைவேட் என்பது நம்பத்தக்க தனி வலை; அதில் பிற கருவிகள் இந்தக் கணினியைக் கண்டுகொள்ளவும், பகிர்வு இயக்கப்பட்டிருந்தால் கோப்புகளை எடுக்கவும் இடம் உண்டு. பப்ளிக் என்பது பொது வலை. அதில் கணினி தன் இருப்பை மறைத்துக்கொள்கிறது. புதிய வலையில் முதன்முறை இணையும்போது விண்டோஸ் 10, இந்தக் கணினியைப் பிற கருவிகள் காணலாமா என்று கேட்கும். ஆம் என்றால் பிரைவேட், இல்லை என்றால் பப்ளிக். விண்டோஸ் 11 கேட்காமலேயே பப்ளிக் என்று வைத்துக்கொள்கிறது. அந்த முதல் கேள்விக்கு அவசரத்தில் அழுத்திய ஆம் பல கணினிகளில் ஆண்டுக்கணக்காக அப்படியே நிற்கிறது.

வீடு என்பதாலேயே பிரைவேட் என்று வைக்க வேண்டியதில்லை என்பதே இவ்வியல் வலியுறுத்தும் கருத்து. ஒரே ஒரு கணினி இருந்து, அதிலிருந்து பிற கணினிகளுக்கு எதையும் பகிராத வீட்டில் பப்ளிக் தொகுப்பே சரியானது. இணையம், காணொளி அழைப்பு, வங்கிப் பணி எதுவும் அதனால் தடைபடாது, ஏனெனில் அவையனைத்தும் உள்ளிருந்து தொடங்கும் இணைப்புகள். வைஃபை அச்சுப்பொறியைத் தானாகக் கண்டுபிடிப்பது மட்டும் சில நேரம் தவறலாம்; அப்போது அச்சுப்பொறியின் முகவரியை நேரடியாகக் கொடுத்து ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரைகடந்து, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் போன்ற நாள்களில், கேபிளும் ஃபைபரும் அறுந்தபின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே வீட்டின் ஒரே இணைப்பாகிவிடுகிறது. விண்டோஸுக்கு ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டும் ஒரு புதிய வலை. அதைப் பப்ளிக் என்றே வைக்க வேண்டும். விழுப்புரம் சந்திப்பு போன்ற ரயில் நிலையங்களில் ரயில்டெல் வழங்கும் இலவச வைஃபைக்கும் இதே விதி பொருந்தும். மடிக்கணினியுடன் நாள்தோறும் ரயிலேறும் மாணவரும் அலுவலரும், வீட்டு வலைக்குத் தந்த நம்பிக்கை தங்களோடு பயணம் செய்யாதவாறு இந்த அமைப்பை ஒவ்வொரு வலைக்கும் தனித்தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசல் திறக்கக் கேட்கும் சாளரம்

புதிய நிரல் ஒன்று வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்காகக் காத்திருக்க முயலும்போது, விண்டோஸ் ஒரு சாளரத்தைக் காட்டி அனுமதி கேட்கிறது. இணையத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கப்படுவதாகப் பலர் இதைத் தவறாகக் கருதுகின்றனர். இணையத்துக்குச் செல்ல இந்த அனுமதி தேவையே இல்லை. சாளரத்தில் நிரலின் பெயர், அதை வெளியிட்டவர், அது இருக்கும் கோப்புறை ஆகியவை காட்டப்படும். வெளியிட்டவர் பெயர் இல்லாத, டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்தே இயங்கும் நிரலுக்கு வாசல் திறக்கக் காரணமே இல்லை. ஐயம் இருந்தால் கேன்சல் செய்துவிட்டு, நிரல் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே நல்ல வழி.

கேன்சல் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. அப்போது விண்டோஸ் அந்த நிரலுக்கெனத் தடுப்பு விதிகளை எழுதிவைக்கிறது. தடுப்பும் அனுமதியும் ஒரே இணைப்புக்குப் பொருந்தினால் தடுப்பே வெல்லும். பின்னர் உண்மையான தேவை எழுந்து அனுமதி விதி எழுதியும் நிரல் இயங்காவிட்டால், தீயரணின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பகுதியின் உள்வரவு விதிப் பட்டியலில் அந்த நிரலின் பெயரில் நிற்கும் சிவப்புக் குறியுள்ள விதிகளை நீக்க வேண்டும். இது தெரியாததால்தான் கடைசியில் தீயரணையே அணைத்துவிடும் முடிவுக்குப் பலர் வருகின்றனர்.

பல ஆண்டுகள் ஓடிய கணினியில் அனுமதிக்கப்பட்ட நிரல்களின் பட்டியல் நீண்டு கிடக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பகுதிக்குள் சென்று அப்பட்டியலைத் திறந்து, இப்போது பயன்படுத்தாத விளையாட்டுகள், கோப்பிறக்க நிரல்கள் ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிடலாம். பப்ளிக் என்ற நெடுவரிசையில் உள்ள குறிகளை முதலில் பார்க்க வேண்டும். ஆக்டிவேட்டர் என்னும் பெயரில் உரிமமில்லா மென்பொருளை இயக்கித் தருபவை, நிறுவும்போதே பாதுகாப்பை அணைக்கச் சொல்கின்றன. அவை ஏறிய கணினியில் தீயரணின் விதிகளையோ அதன் நிலையையோ நம்ப முடியாது.

வீட்டிலேயே கணக்கு எழுதுபவர்களுக்கு

தீயரண் முழுவதுமாக அணைக்கப்படுவதற்கு இவ்வட்டாரத்தில் மிகப் பெரிய காரணம் பகிர்ந்த கோப்புறையே எனலாம். வீட்டின் முன்னறையில் கணக்கு எழுதுபவர், மல்லாட்டை மண்டி நடத்துபவர், ஜெராக்ஸ் கடையோடு கணினிப் பணி செய்பவர் ஆகியோர் ஒரு கணினியில் டேலி என்னும் கணக்கு மென்பொருளின் தரவைக் கோப்புறையாகப் பகிர்ந்து, மற்றொன்றிலிருந்து அதைத் திறக்கின்றனர். ஒருநாள் அது திறக்காமல் போகிறது, பழுதுபார்க்க வந்தவர் தீயரணை அணைக்கிறார், கோப்புறை திறக்கிறது, அதன்பிறகு அதை மீண்டும் இயக்குவார் யாருமில்லை.

உண்மையில் அங்கே தேவைப்பட்டது ஒரே ஒரு வாசல். தரவு உள்ள கணினியின் வலையைப் பிரைவேட் என்று மாற்றி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் என்னும் விதிக்குழுவைப் பிரைவேட் தொகுப்பில் மட்டும் இயக்கினாலே 445ஆம் போர்ட் உள்வலைக்குத் திறக்கும். திடீரென்று திறக்காமல் போவதற்கு மிக எளிய காரணம், ரவுட்டரை மாற்றியபின் விண்டோஸ் அதைப் புதிய வலை எனக் கருதிப் பப்ளிக் தொகுப்புக்கு மாறியிருப்பதே. ஆகவே எதையும் அணைக்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். இதற்கு மேலும் இறுக்க விரும்பினால், ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் நிலையான உள்முகவரியை ஒதுக்கி, பகிர்வு விதியின் ஸ்கோப் என்னும் தாளில் அந்த முகவரிகளை மட்டும் எழுதலாம். எடுத்துக்காட்டாக, 192.168.1.11, 192.168.1.12 என்ற இரு கணினிகளுக்கு மட்டும் என்று வரையறுத்துவிட்டால், வைஃபை கடவுச்சொல் பெற்ற விருந்தினரின் மடிக்கணினியிலிருந்து எழும் எந்த முயற்சியும் அந்தக் கோப்புறையை எட்டாது. பகிரும் கோப்புறைக்கு எவ்ரிஒன் என்று அனைவருக்கும் அனுமதி தராமல், கடவுச்சொல்லுள்ள தனிப் பயனர் பெயரில் பகிர்வது இதனோடு சேர்ந்த பணி.

ரிமோட் டெஸ்க்டாப் சேவையை ரவுட்டர் வழியாக வெளியுலகுக்குத் திறப்பது மட்டும் எந்நிலையிலும் கூடாது. 3389ஆம் போர்ட் திறந்திருக்கும் முகவரிகளைத் தேடும் தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் இயங்குகின்றன. 2019 மே மாதம் அச்சேவையில் கண்டறியப்பட்ட புளூகீப் என்னும் ஓட்டை, ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிடும் அளவுக்குக் கடுமையானதாக இருந்தது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தச் சேவையே இல்லை என்பது வீட்டுப் பயனருக்கு ஒரு நன்மை.

தீயரண் பார்க்காத பக்கம்

ஆளே வாசலைத் திறந்துவிட்டால் தீயரண் ஒன்றும் செய்யாது. வங்கியிலிருந்தோ கூரியர் நிறுவனத்திலிருந்தோ பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற தொலை இயக்கச் செயலியை நிறுவச் செய்யும் மோசடி குறித்து 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அந்தச் செயலி உள்ளிருந்து வெளியே இணைவதால் தீயரணின் கண்ணுக்கு அது வழக்கமான வெளிச்செலவே. மின்னஞ்சல் இணைப்பைத் திறப்பதும், போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லை எழுதுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பணம் போய்விட்டால் தீயரண் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருக்காமல், முதலில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் நிறுத்த முடிவது தொடக்க நேரத்தில்தான்.

வெளிச்செலவு முழுவதையும் தடுத்து, வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கும் முறையும் உண்டு. அலுவலகங்களில் பொருள்படும் இந்த முறை வீட்டில் விண்டோஸ் புதுப்பிப்பை முதலில் முடக்கிவிட்டு, பயனரையும் சலிப்படையச் செய்யும். குறிப்பிட்ட ஒரு நிரலை மட்டும் வெளியே செல்லாமல் தடுப்பது வேறு. ஹாட்ஸ்பாட்டின் நாள் அளவுத் தரவைத் தின்னும் ஒரு நிரலையோ, குழந்தையின் இணைய விளையாட்டு ஒன்றையோ தடுக்க ஒரு வெளிச்செலவு விதி எழுதுவது பயனுள்ளது.

சோதிப்பதும் பாதுகாத்து வைப்பதும்

அமைத்ததைச் சோதிக்க, போர்ட்டுகளை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் ஷீல்ட்ஸ்அப் போன்ற இணையச் சேவைகளைப் பலர் பயன்படுத்துகின்றனர். இரட்டை முகவரி மாற்றத்துக்குப் பின்னால் உள்ள வீட்டில் அச்சேவை தட்டுவது இணைப்பு நிறுவனத்தின் பெட்டியையே. எல்லாம் மூடியிருப்பதாக அது சொல்வது கணினியின் தீயரணைப் பற்றிய சான்று ஆகாது. உள்ளிருந்து சோதிப்பதே தகுந்தது: அதே வைஃபையில் இணைந்த கைப்பேசியில் வலையை ஆராயும் ஃபிங் போன்ற செயலியை நிறுவி, கணினியின் உள்முகவரியில் திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடச் செய்தால், பப்ளிக் தொகுப்பில் உள்ள கணினி எதையும் திறந்து காட்டக் கூடாது, 445 திறந்திருப்பதாகக் காட்டினால், எந்த விதி அதைத் திறந்தது என்று பார்க்க வேண்டும்.

தீயரணின் பதிவேடு இயல்பாக அணைந்தே இருக்கிறது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், கைவிடப்பட்ட பாக்கெட்டுகளைப் பதியுமாறு அதை இயக்கினால் 4096 கிலோபைட் வரை ஒரு எழுத்துக் கோப்பில் நாள், நேரம், அனுப்பிய முகவரி, போர்ட் எண் ஆகியவை சேரும். அதைத் திறந்ததும் நூற்றுக்கணக்கில் தெரியும் வரிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 1900, 5353, 137 ஆகிய எண்களுக்கு வருபவை தொலைக்காட்சியும் கைப்பேசியும் அச்சுப்பொறியும் ஒன்றையொன்று தேடும் வழக்கமான கூவல்கள். கவனிக்க வேண்டியது வேறு: வீட்டுக்குள்ளேயே உள்ள ஒரு முகவரி, பகிர்வு எதுவும் இல்லாத கணினியின் 445 அல்லது 3389ஐத் திரும்பத் திரும்பத் தட்டினால், தட்டும் அந்தக் கருவிதான் நோயுற்றிருக்கக்கூடும், அதை வலையிலிருந்து பிரித்துச் சோதிக்க வேண்டும்.

விதிகள் ஒழுங்காக அமைந்தபின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பகுதியில் உள்ள எக்ஸ்போர்ட் பாலிசி என்னும் கட்டளையால் அவை அனைத்தையும் ஒரே கோப்பாக எழுதி, பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பின்னொரு நாள் அதை மீட்கும்போது அன்றிருக்கும் விதிகள் முழுவதும் அழிந்து பழையவை வந்து அமரும் என்பதால், இடையில் எழுதிய புதிய விதிகளைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது. சேமித்த கோப்பு இல்லாத நிலையில் விதிகள் சிக்கலாகிவிட்டால், ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட் என்பதை அழுத்தித் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். அதன்பின் பகிர்வு விதியை மட்டும் மீண்டும் எழுத வேண்டியிருக்கும், மற்ற நிரல்கள் தேவைப்படும்போது தாமே கேட்கும்.